படித்தால் தெரிகிற சொல் கேட்டால் தெரியவில்லையே!

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சன்டைசராக (ஆர்டர்களை ஒருங்கிணைப்பவராக) பணிபுரிகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பிறகு பி.காம். முடித்தேன். பையர்கள் (ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள்) அனுப்பும் மின்னஞ்சல்களைப் புரிந்துகொண்டு பதில் எழுதுகிறேன். ஆனால் இங்கிலாந்து பையர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பேசும் அழைப்பில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடுவதில்லை. அழைப்பு முடிந்ததும் அவர் அனுப்பும் மின்னஞ்சலைப் படித்தால், அதில் தெரியாத சொல் ஒன்றுகூட இருப்பதில்லை. நான்கு மாதங்களாகக் காலையில் ஆங்கிலச் செய்தியும் இரவில் தமிழ் சப்டைட்டிலுடன் ஆங்கிலப் படங்களும் பார்க்கிறேன். மாற்றம் ஏதும் தெரியவில்லை. என் காதில் கோளாறா? ஆங்கிலவழியில் படிக்காதவர்களுக்கு இது இனி வராதா? எவ்வளவு காலம் பிடிக்கும்? அழைப்புகளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாமா என்று மேலாளர் கேட்கிறார். என்ன சொல்வது?
— வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பையர் பின்னர் அனுப்பும் மின்னஞ்சலில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இருப்பதில்லை என்கிறீர்கள். அப்படியானால் சொல்வளத்தையோ இலக்கணத்தையோ குறை சொல்வதற்கில்லை. கண்ணுக்கு நன்கு பழகிய சொற்கள் காதுக்கு வரும்போது வேறு உருவத்தில் வருகின்றன. அந்த உருவத்தை உங்களுக்கு இதுவரை யாரும் காட்டித் தரவில்லை. படிப்பதில் நீங்கள் இடைநிலையில் இருக்கிறீர்கள், கேட்பதில் தொடக்கநிலையில் இருக்கிறீர்கள். உங்களுக்கான பயிற்சியும் இந்த இடைவெளியைக் குறிவைத்தே அமைய வேண்டும்.

காதைப் பற்றிய ஐயத்தை முதலில் முடித்துவிடுவோம். தமிழில் தொலைபேசியில் பேசும்போதும் எதிரில் இருப்பவரைத் திரும்பச் சொல்லச் சொல்கிறீர்களா, வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியை மற்றவர்களைவிடக் கூட்டி வைக்கிறீர்களா, காதுக்குள் இரைச்சல் கேட்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஏதேனும் உண்டென்றால், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே புழங்கும் தொழில் என்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் கேட்டல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எதுவும் இல்லையென்றால் அந்தக் கவலையை அத்துடன் விட்டுவிடலாம்.

இலக்கணப் புத்தகம் வைத்துத் தமிழ் கற்ற வெளிநாட்டவர் ஒருவர் திருப்பூர் பேருந்து நிலையத்தில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ‘அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த அவர் காதில் விழுவது ‘வந்துட்ருக்காங்க’. வினைச்சொல் தெரியும், காலம் தெரியும், விகுதி தெரியும்; ஆனாலும் ஒன்றும் விளங்காமல் விழிப்பார். எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே இத்தனை தொலைவை வைத்துக்கொண்டு அன்றாடம் புழங்குகிற நாம், ஆங்கிலத்தை மட்டும் எழுதியிருக்கிறபடியே பேசுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலம் பெரும்பாலும் பாடநூலை உரக்கப் படிக்கும் குரலாக மட்டுமே நம்மை வந்தடைந்ததுதான் அதற்குக் காரணம்.

ஆங்கிலப் பேச்சில் பொருளைத் தாங்கும் பெயரும் வினையும் அழுத்தம் பெற்றுத் தெளிவாக ஒலிக்கும். ‘டு’, ‘ஆஃப்’, ‘அண்ட்’, ‘ஹேவ்’, ‘ஃபார்’, ‘கேன்’ போன்ற சிறு சொற்களோ அழுத்தம் இழந்து, உயிரொலி மங்கி, முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு ஒட்டிக்கொள்ளும். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணமே ஒவ்வோர் எழுத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருப்பதால், எந்த அசையானாலும் தன் பங்குக்காவது ஒலித்துவிடும் என்று நம் காது நம்புகிறது. ஆங்கிலத்தில் அழுத்தமற்ற அசைக்கு அந்த உரிமை கிடையாது.

உங்கள் தொழிலில் எந்த நாளும் வரக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அளவு சரிபார்க்க அனுப்பும் ஃபிட் சாம்பிள் ஒன்றைப் பற்றி பையர் ‘வீ ஷுட் ஹேவ் ஹேட் இட் பை தி எண்ட் ஆஃப் லாஸ்ட் வீக்’ என்கிறார். போன வாரக் கடைசிக்குள் எங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை என்பது பொருள். மின்னஞ்சலில் வந்திருந்தால் நீங்கள் தடுமாறியிருக்கமாட்டீர்கள். வாயால் சொல்லும்போது அது ஏறக்குறைய ‘வீ ஷுடஹேடிட் பைதியெண்ட லாஸ்வீக்’ என்று ஒரே மூச்சில் வந்து போய்விடும். ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுட’ என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ‘ஆஃப்’ என்பது ஓர் அரைகுறை அகரமாகத் தேய்ந்துவிட்டது. ‘லாஸ்ட்’ என்பதன் கடைசி ஒலி அடுத்த சொல்லின் வாசலில் விழுந்துவிட்டது. பழகாத காதில் தெளிவாக நிற்பவை ‘ஹேட் இட்’, ‘லாஸ்ட் வீக்’ என்ற இரண்டு துண்டுகள் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு, போன வாரமே சாம்பிள் கிடைத்துவிட்டதாம் என்று நீங்கள் முடிவுகட்டி, ‘ஓகே, தேங்க் யூ’ என்று மகிழ்ச்சியாகச் சொன்னால், புகார் சொன்னவருக்கு நன்றி வந்து சேரும். உங்கள் செவ்வாய்க்கிழமைக் குழப்பங்களில் பாதி இப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

தமிழ்க் காதுக்கென்றே இன்னொரு தடையும் உண்டு. வல்லின மெய்கள் தமிழ்ச் சொற்களின் இறுதியில் வருவதில்லை. நாடு, பாக்கு, காற்று என்று ஓர் உகரம் உடன் வந்தே தீரும், அதைத்தான் குற்றியலுகரம் என்று படித்தோம். ஆங்கிலம் பேசும்போது ‘கட்டு’, ‘செக்கு’ என்று நாம் உகரம் சேர்ப்பதைக் கேலி செய்ய ஆள் உண்டு. கேட்கும்போதும் அதே உகரத்துக்காகக் காத்திருக்கிறோம் என்பதைச் சுட்டிக்காட்டத்தான் ஆள் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் வரும் ட், க், ப் ஒலிகள், அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால், பல நேரங்களில் வாய்க்குள்ளேயே அடைபட்டு நின்றுவிடும். ஆகவே ‘வீ செக் த கூட்ஸ்’ என்பதும், அதன் இறந்தகாலமான ‘வீ செக்ட் த கூட்ஸ்’ என்பதும் வேகப் பேச்சில் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும். ஆங்கிலேயர் காதுக்கும் அப்படித்தான் கேட்கிறது. அவர்கள் காலத்தை அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு கண்டறிவதில்லை. ‘யெஸ்டர்டே’, ‘ஆல்ரெடி’, ‘எவ்ரி டைம்’ போன்ற பக்கத்துச் சொற்களிலிருந்தும் பேச்சின் போக்கிலிருந்தும் கண்டறிகிறார்கள். நீங்களும் காதை அங்கே வைக்கலாம்.

ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரும் வழிகாட்டி நூல்கள் உங்கள் மேசையில் இருந்தால் கேட்டல் பயிற்சிக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். ‘பேக்’ என்று எழுதினால் அது பையையும் குறிக்கும், முதுகையும் குறிக்கும். நம் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆங்கிலக் காதோ கடைசி மெய்யைவிட அதற்கு முன் உள்ள உயிரொலியின் நீளத்தைக் கேட்டே இரண்டையும் பெருமளவு பிரித்துக்கொள்கிறது: பையைக் குறிக்கும் சொல்லில் உயிர் சற்று நீளும், முதுகைக் குறிக்கும் சொல்லில் வெட்டுப்பட்டு நிற்கும். இந்தப் பதிலில் நானும் தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது என்பதால், இங்குள்ள எடுத்துக்காட்டுகளை எங்கே கவனிக்க வேண்டும் என்று சுட்டும் குறிப்புகளாக மட்டும் கொண்டு, உண்மையான ஒலியை ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் நான்கு மாத உழைப்புக்கு வருகிறேன். தமிழ் சப்டைட்டில் ஓடும்போது கண் படித்துக்கொண்டிருக்கிறது, காது ஓய்வெடுக்கிறது. கதை புரிகிறது என்பதாலேயே கேட்டுப் புரிந்தது என்ற நிறைவும் வந்துவிடுகிறது. திரைப்படத்தில் பின்னணி இசையும் வட்டார வழக்கும் ஒருவர் மேல் ஒருவர் பேசுவதும் கலந்திருப்பதால் தொடக்கநிலையினருக்கு அதைவிடக் கடினமான பாடம் வேறில்லை. செய்தியில் தெளிவு உண்டு. ஆனால் அது எழுதி வைத்துப் படிப்பது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் என்ற வேகத்தில், ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் நெருக்கியடித்துக்கொண்டு வரும், யாரும் யாரையும் கேள்வி கேட்பதுமில்லை. உங்கள் பையர் அப்படிப் பேசுவதில்லை. ‘கேட்டுக்கொண்டே இருங்கள், தானாக வந்துவிடும்’ என்ற அறிவுரை, பேச்சின் பெரும்பகுதி ஏற்கெனவே பிடிபடுகிறவருக்குப் பொருந்தும். உங்கள் நிலையில் இருப்பவருக்கு அது ஒரு சத்தத்தோடு பழகிக்கொள்ளும் பயிற்சியாகவே நின்றுவிடுகிறது. படங்களைப் பொழுதுபோக்காகப் பாருங்கள், விருப்பமிருந்தால் சப்டைட்டிலை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பயிற்சி என்று நான் சொல்வது மிகச் சிறிய அளவு ஒலியை மிகப் பல முறை கேட்பது. ஒரு நிமிட நீளமுள்ள, இருவர் உரையாடும் ஒலிப்பதிவு ஒன்றை, அச்சிட்ட அல்லது பக்கத்தில் தந்திருக்கும் எழுத்து வடிவத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை முழுதாகக் கேட்டு, யார் யாரிடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைத் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அதே பதிவை எட்டு முதல் பத்து விநாடித் துண்டுகளாக நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் அப்படியே எழுதுங்கள். ஒரு துண்டை நான்கு முறைக்கு மேல் ஓட்ட வேண்டாம்; பிடிபடாத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். வேகம் தாங்கவில்லையென்றால் கடைசி முறை மட்டும் யூடியூபிலோ உங்கள் ஒலிச் செயலியிலோ வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் ஒலி இழுபட்டு, எங்கும் எவரும் பேசாத ஓர் ஆங்கிலம் கிடைக்கும்.

அதன் பிறகுதான் எழுத்து வடிவத்தைத் திறக்க வேண்டும். நீங்கள் எழுதியதை அதனோடு ஒப்பிட்டு, விட்டுப்போன ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் என்ன என்று பாருங்கள். சொல்லே தெரியாததால் விட்டதா, தெரிந்த சொல் தேய்ந்து ஒலித்ததால் விட்டதா, அல்லது இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டதால் வேறொரு சொல்லாகக் கேட்டதா? முதல் வகையை நீங்கள் பெரிதாக எண்ணிக்கொண்டிருப்பீர்கள். உங்களைப் போல் படித்துப் பழகியவர்களின் தாளில் நான் வழக்கமாகக் காண்பது இரண்டாம், மூன்றாம் வகைகளைத்தான். வங்கத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட ஆங்கிலப் பொதுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2000 சொற்களே உள்ளன. அன்றாடப் பேச்சின் மிகப் பெரும் பகுதி அத்தகைய சொற்களாலேயே நடக்கிறது, அவற்றை நீங்கள் எப்போதோ படித்து முடித்தவர். ஆகவே கையில் அகராதியை எடுப்பதைவிட, விட்டுப்போன அந்த இரண்டு விநாடியை மறுபடி ஓட்டி, எழுத்தைப் பார்த்தபடியே, அங்கே உண்மையில் என்ன ஒலிக்கிறது என்று கேளுங்கள். ‘ஓ, இதுதான் ‘ஷுட் ஹேவா’?’ என்று தோன்றும் கணத்தில்தான் காது ஒரு புதிய உருவத்தைச் சேர்த்துக்கொள்கிறது. பயிற்சியின் விளைச்சல் முழுவதும் அந்தக் கணங்களில்தான் இருக்கிறது. எழுத்தை முதலிலேயே பார்த்துவிட்டால் அவை வாய்க்காமலே போய்விடும்.

மூன்றாம் நாள், எழுத்தைப் பார்த்தபடி பேச்சாளரோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள்; அவர் விழுங்கும் இடத்தில் நீங்களும் விழுங்குங்கள், அவர் அழுத்தும் இடத்தில் மேசையில் ஒரு விரலால் தட்டுங்கள். இது உச்சரிப்புக்கான பயிற்சி என்று பலரும் நினைக்கிறார்கள். வாயால் சுருக்கிச் சொல்லிப் பார்த்த சொல்லைக் காது விரைவில் அடையாளம் கண்டுகொள்கிறது என்பதே இங்கு நமக்கு வேண்டியது. விரலால் தட்டுவதற்கும் காரணம் உண்டு. ஆங்கில உரையாடல்களில் பொருள் தாங்கும் சொற்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு வலுவான அசையில் தொடங்குகின்றன என்று ஆய்வாளர்கள் ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அழுத்தம் விழும் இடத்தைப் பிடித்தால், பெரும்பாலும் அங்கேதான் ஒரு புதுச் சொல் தொடங்குகிறது. ஒட்டிக்கொண்டு ஓடும் ஒலியை எங்கே வெட்டுவது என்ற உங்கள் சிக்கலுக்கு இதைவிட எளிய துணை எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். வாரத்தில் இரண்டு பதிவுகள். முடித்த பதிவுகளைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் பேருந்தில் எழுத்தில்லாமல் சும்மா கேட்டு வாருங்கள். பழைய பதிவு எளிதாகிவிட்டதை உணர்வது ஊக்கத்துக்கும் நல்லது.

பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் இணையதளத்தில் கேட்டல் பகுதி ஏ1, ஏ2 (தொடக்கநிலை), பி1 (இடைநிலை) என்று நிலைவாரியாக, எழுத்து வடிவத்தோடும் சிறு பயிற்சிகளோடும் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் ஏ2 பகுதியில் தொடங்குங்கள்; படிக்கும் திறனை மனத்தில் வைத்துக்கொண்டு பி1இல் போய் உட்காராதீர்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தரும் ஆறு நிமிட நிகழ்ச்சி புகழ்பெற்றது, எழுத்து வடிவமும் உண்டு. ஆனால் அது இடைநிலையினருக்கானது, ஆறு நிமிடமும் உங்களுக்கு இப்போது அதிகம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் ஒலிபரப்பு, ஏறக்குறைய 1500 அடிப்படைச் சொற்களை வைத்து, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் படிக்கும் முறையை உருவாக்கியது. அவ்வகைப் பதிவுகளை நம்பிக்கை வருவதற்காக ஓரிரு வாரம் கேட்கலாம். அதற்கு மேல் நான் பரிந்துரைப்பதில்லை. நிறுத்தி நிதானமாகப் படிக்கும்போது சிறு சொற்கள் தேயாமல் முழுமையாக ஒலிக்கின்றன, உங்களுக்கோ தேய்ந்த வடிவங்கள்தான் தேவை. யூடியூபில் தானாக உருவாகும் ஆங்கில எழுத்துகளை விடைத்தாளாகக் கொள்ள வேண்டாம். அவை தவறு செய்யும் இடங்களும் பெரும்பாலும் நாம் தவறும் அதே இடங்கள்தாம்.

உங்கள் பையர் இங்கிலாந்துக்காரர் என்பதால் பயிற்சியையும் அந்த நாட்டுக் குரல்களில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பள்ளியில் எங்கெல்லாம் ரகரத்தை உருட்டினோமோ அங்கெல்லாம், அடுத்து உயிரொலி வந்தாலன்றி, பெரும்பாலான ஆங்கிலேயர் அதை ஒலிப்பதே இல்லை. ‘ஆர்டர் நம்பர் ஃபோர்’ என்பது ‘ஓட நம்ப ஃபோ’ என்று கேட்கும். ‘கலர்’ வெறும் ‘கல’வாகிவிடும். வட இங்கிலாந்துக்காரராக இருந்தால் ‘கட்டிங்’ என்பது ‘குட்டிங்’ போலவும் ‘மச்’ என்பது ‘முச்’ போலவும் வரக்கூடும். இத்தகைய ஓரிரு மாற்றங்களைத் தெரிந்துகொண்டாலே பத்து இருபது சொற்கள் ஒரே நேரத்தில் தெளிவடைகின்றன. அவர் எந்த ஊர்க்காரர் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டு, அந்த ஊர் வானொலியைத் தேடிக் கேட்டுப் பாருங்கள்.

எண்களுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் அங்கே தவறினால் பணம் போகும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் அழுத்தத்தைக் கொண்டு பிரித்தறியலாம் என்று பல வகுப்புகளில் கற்பிக்கிறார்கள்: பதினைந்தில் அழுத்தம் பின்னசையில், ஐம்பதில் முன்னசையில். தனியாகச் சொன்னால் அது சரி. ஆனால் ‘ஃபிஃப்டீன் தவுசண்ட் பீசஸ்’ என்று பின்னால் சொல் தொடர்ந்தால், பதினைந்திலும் அழுத்தம் முன்னசைக்குத் தாவிவிடுகிறது. ஆர்டர் அளவு எப்போதும் பின்னால் சொல் தொடர்ந்துதானே வருகிறது! ஆகவே காதை நம்பாமல், ‘ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன் தவுசண்ட்?’ என்று இலக்கம் பிரித்துத் திரும்பக் கேட்டுவிடுங்கள். நேரத்திலும் ஒரு பொறி உண்டு. இங்கிலாந்தில் ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை மணி. ஜெர்மானியரும் டச்சுக்காரரும் தம் மொழியில் இதே அமைப்பை ஆறரைக்குப் பயன்படுத்துவதால், அவர்கள் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னால் எந்த நேரம் என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.

அழைப்பு எந்த வழியில் வருகிறது என்பதையும் பாருங்கள். சாதாரணத் தொலைபேசி இணைப்பு பொதுவாக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘எஸ்’, ‘எஃப்’ ஆகியவற்றின் உரசல் ஒலியில் பெரும்பகுதி அதற்கும் மேலே இருப்பதால், தொலைபேசியில் அவ்விரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. தாய்மொழிக்காரர் சூழலை வைத்து இட்டு நிரப்பிக்கொள்வார்; ஸ்டைல் குறியீட்டு எண்ணைக் கேட்கும் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. இணையவழி அழைப்புகள் பொதுவாக இதைவிட அகன்ற ஒலியைத் தருவதால், இயன்றவரை அதற்கு மாற்றிக்கொண்டு, இரு காதுக்கும் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். கூட்ட அறையில் மேசை நடுவே ஒலிபெருக்கியை வைத்து எல்லோரும் கேட்பதுதான் மிக மோசமான ஏற்பாடு; சுவரெதிரொலியில் மெய்யெழுத்துகள் கரைந்துபோகும். குறியீட்டு எழுத்துகளைச் சொல்லவும் கேட்கவும், விமானிகள் 1956 முதல் உலகெங்கும் பயன்படுத்தும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி பட்டியலைக் கைக்கெட்டும் இடத்தில் ஒட்டி வையுங்கள்: ‘சியரா’ என்றால் எஸ், ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்றால் எஃப், ‘மைக்’ என்றால் எம், ‘நவம்பர்’ என்றால் என்.

அழைப்புக்கு முன் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரத்து மின்னஞ்சல்களையும் டெக் பேக்கையும் (ஆடையின் வடிவமைப்பு விவரத் தொகுப்பு) புரட்டி, இன்று என்னென்ன பேச்சு வரக்கூடும் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: லேப் டிப் (சாயமிட்ட நிற மாதிரி) ஒப்புதல், நெக் ரிப்பின் அளவு, வாஷ் கேர் லேபிள், ஷிப்மென்ட் தேதி. எதிர்பார்த்திருக்கும் சொல் பாதி ஒலித்தாலே காது பிடித்துக்கொள்ளும். புரியாதபோது ‘பார்டன்?’ என்று மட்டும் கேட்டால் அவர் முழுவதையும் அதே வேகத்தில் மறுபடி சொல்வார், அல்லது குரலை உயர்த்துவார்; இரண்டாலும் பயனில்லை. பிடிபட்டதைச் சொல்லி, பிடிபடாததை மட்டும் கேளுங்கள். ‘ஸ்லீவ் அளவு புரிந்தது, தேதி மட்டும் மறுபடி சொல்லுங்கள்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் நான்கைந்து வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். அப்படிக் கேட்கிறவரை மொழி தெரியாதவர் என்று எவரும் எண்ணுவதில்லை, கவனமான மெர்ச்சன்டைசர் என்றே எண்ணுவார்கள். புரியாமல் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டும் பழக்கம் இருந்தால், இந்தச் செவ்வாய்க்கிழமையோடு அதை நிறுத்திவிடுங்கள்.

காலம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டீர்கள். ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து ஏ2 நிலையை எட்ட 180 முதல் 200 மணி நேரமும், பி1 நிலையை எட்ட 350 முதல் 400 மணி நேரமும் வழிகாட்டுதலுடன் கற்க வேண்டியிருக்கும் என்று கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வு அமைப்பு கணக்குச் சொல்கிறது. அது படித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் நான்குக்கும் சேர்த்து. சொல்வளமும் இலக்கணமும் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால் கேட்டலுக்கு மட்டும் உழைத்தால் போதும். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் ஆறு மாதத்தில் 60 மணி நேரத்தைத் தாண்டிவிடுவீர்கள். அதற்குள் செவ்வாய்க்கிழமை அழைப்பின் பெரும்பகுதியை நீங்களே சமாளிப்பீர்கள் என்பது என் கணிப்பு. முதல் ஒரு மாதம் எதுவும் மாறாததுபோல் தோன்றும், அப்போது பதிவை மாற்றிப் பாருங்கள், முறையை மாற்றாதீர்கள். ஆங்கிலவழியில் படித்தவர்களுக்குச் சிறுவயது முதல் கேட்டுப் பழகிய ஆண்டுகள் கூடுதலாக உள்ளன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களும் பெரும்பாலும் நம் ஊர் ஆசிரியர்களின் ஆங்கிலத்தையே கேட்டு வளர்ந்தவர்கள், முதன்முதலில் வட இங்கிலாந்திலிருந்து ஒரு யார்க்‌ஷயர்க்காரரின் அழைப்பை எடுக்கும்போது அவர்களும் திணறத்தான் செய்கிறார்கள். வளர்ந்த பின் கற்பவருக்கு அந்நாட்டவர் போன்ற உச்சரிப்பு வாய்ப்பது அரிது. கேட்டுப் புரிந்துகொள்வதற்கு அப்படி ஒரு வரம்பு இருப்பதாக நினைக்க வேண்டாம்.

மேலாளருக்கு என்ன சொல்வது என்பதுதான் மிச்சம். அழைப்புகளை முழுவதுமாக ஒப்படைத்துவிட்டால், நீங்கள் வாரந்தோறும் கேட்கும் ஒரே உண்மையான ஆங்கிலமும் போய்விடும், ஆகவே சம்மதிக்காதீர்கள். அதற்கு மாறாக, ஆறு மாதத்துக்கு உடன் பணிபுரிபவர் ஒருவர் அழைப்பில் என்னோடு சேர்ந்து இருக்கட்டும், குறிப்பெடுத்து எழுதும் பொறுப்பை நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அழைப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், பேசி முடிவானவற்றை எண், தேதி, அளவு சகிதம் நீங்களே மின்னஞ்சலாக எழுதி, உடன் இருந்தவரிடம் காட்டிவிட்டு, பையருக்கு அனுப்புங்கள். தவறு இருந்தால் பையர் திருத்தி அனுப்புவார், நிறுவனத்துக்கும் எழுத்தில் ஒரு சான்று கிடைக்கும். பையரும் நிறுவனமும் சம்மதித்தால் அழைப்பைப் பதிவு செய்யுங்கள். அவர் திருத்திய வரிகள் அந்தப் பதிவில் எங்கே வருகின்றன என்று தேடிக் கேட்பது, நான் மேலே சொன்ன எந்த இணையதளத்துப் பதிவையும்விட உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கும். சம்மதம் கிடைக்காவிட்டால் அந்த வரிகளை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, உடன் பணிபுரிபவரை வேகமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.